சடையங்குப்பத்துக்கு ஒரு கடன் பாக்கி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



என்னை மலரும் நினைவுகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பழைய கடனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவானால் ஹாஸ்டலில் என் அறைக்கு ஏன் அத்தனை கூட்டம் வரும்? என் மேல் உள்ள பாசத்தினால் அல்ல. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் இறால் தொக்குக்காக! "டேய் சடையங்குப்பம், டப்பாவைத் திறடா" என்பீர்கள். ஊர்ப் பெயரே எனக்குப் பட்டப் பெயர். மறுநாள் டப்பாவைக் கழுவும் வேலைகூட எனக்கு வைக்க மாட்டீர்கள். அந்த இறால் எங்கிருந்து வந்தது என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிறது. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறும், புழல் ஏரியின் உபரிக் கால்வாயும் எங்கள் பக்கமாகத்தான் வந்து சேருகின்றன. பக்கிங்காம் கால்வாயும் அருகில்தான். இந்தத் தண்ணீரெல்லாம் எண்ணூர்க் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த உப்பங்கழியில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளரும். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். நாம் தின்ற தொக்கு அது.

படிப்பு முடிந்து மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் பஸ்ஸில் போகும்போது அந்தச் சதுப்பைப் பார்த்து, "சும்மா கிடக்கிற புறம்போக்கு" என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் பிறந்தவனே அப்படி நினைத்தால், வரைபடத்தில் மட்டும் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

வரைபடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் அதைக் காணோம்! தண்ணீர் அங்கேயே இருக்கிறது, தாளில் மட்டும் இல்லை. தாளில் இல்லாத நீர்நிலையில் சாம்பலையும் கொட்டலாம், மண்ணையும் கொட்டலாம்.

தண்ணீர் போக இடம் குறைந்தால் அது வீட்டுக்குள் வரும். 2015இல் வந்தது, 2021இல் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்தது. செய்தி கேட்டு எண்ணூருக்குப் போனேன். மீனவர்கள் படகிலிருந்து குனிந்து, எண்ணெயை மக்கில் மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வலையெல்லாம் கறுப்பு. ஒரு கூழைக்கடா கறுத்த சிறகோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

கரையில் ஒரு மீனவ இளைஞர் கையில் கத்தைக் காகிதம். "சார், நீங்க கெமிக்கல் படிச்சவராமே. இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க சார்" என்று நீட்டினார். தண்ணீர்ப் பரிசோதனை பற்றிய ஆங்கில அறிக்கை அது. நான் வரி வரியாகச் சொல்லி முடித்ததும், "இத்தனை வருஷமா எங்க சார் இருந்தீங்க?" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்திலேதானே இருந்தேன்!

அன்றுதான் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கப் பாடுபடுகிறவர்களோடு நானும் ஒருவனாகச் சேர்ந்தேன். போராட்டம் என் போன்றவர்கள் தொடங்கியதல்ல. உள்ளூர் மீனவர் ஒருவர் 2016இல் தொடுத்த வழக்கில்தான், அனல்மின் நிலையச் சாம்பலால் கழிமுகம் பாழானதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஏற்றுக்கொண்டு, அதைச் சீர்செய்ய உத்தரவிட்டது. முன்னே நிற்பவர்கள் அவர்கள். நாம் பின்னே நின்றால் போதும். ஆனால் நிற்க வேண்டும்.

தென்சென்னையைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பையும் குப்பை மேடாகத்தான் வைத்திருந்தார்கள். சுற்றியுள்ள குடியிருப்பு மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மிஞ்சியது கொஞ்சம்தான் என்றாலும் அந்தக் கொஞ்சம் மிஞ்சியது. வடசென்னைக்காக மனுப் போட ஆள் வேண்டாமா?

உங்களிடம் நன்கொடை கேட்டு வரவில்லை, பயப்படாதீர்கள்! ஒரு பெரிய திட்டம் வருகிறதென்றால், பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. ஆனால் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் சுருக்கம் மட்டுமே கிடைக்கும். அந்த 30 நாளில் அதைப் படித்து, வலை இழுக்கிறவருக்குப் புரியும்படி சொல்ல ஆள் தேவை. நம்மில் என்ஜினீயர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாருங்கள். எழுத்து மூலமாக ஒரு கருத்து அனுப்புங்கள். குறைந்தபட்சம் ஒருமுறை பிள்ளைகளோடு வந்து அந்தத் தண்ணீரைப் பாருங்கள்.

அம்மா இப்போது இல்லை. அந்தத் தொக்கின் ருசியும் எனக்கு வீட்டில் வாய்க்கவில்லை. ஆனால் இறால் பிடிக்கும் பெண்கள் இன்னும் அந்தச் சேற்றில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டப்பாவைக் காலி செய்தவர்கள் நாம். கடனைத் தீர்க்க வேண்டியவர்களும் நாம்தான்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்முன் உங்கள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.