உள்ளம் ஒரு நாளில் மாறுமோ?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அடியேன் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பிப்பவன். உளநூற் புலமை உடையேனல்லேன். ஆயினும் இப்பொருளைப் பற்றி யான் பேச நேர்ந்த காரணம் தாங்கள் யாவரும் அறிந்ததே. நம்முள் ஒருவருடைய புதல்வன், பட்டம் பெற்று உத்தியோகத்திலும் அமர்ந்தவன், ஒரு குருவைச் சூழ்ந்த கூட்டத்திற் சேர்ந்து வீட்டை விட்டு நீங்கி ஓராண்டு ஆகின்றது. பெயரை மாற்றிக்கொண்டான், கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொண்டான். இடையில் ஒரு முறை வந்து வாயிற்படியில் நின்றவன், பெற்ற தாயை அயலாரை விளிப்பது போல விளித்தான் என்று கேள்வியுற்றபோது நம் நெஞ்சு பதைத்தது. சென்ற கூட்டத்தில், அவன் பெயரைச் சங்கப் பேரேட்டினின்றும் அடித்துவிட வேண்டும், அவனோடு நம்மவர் ஒருவரும் பேச்சுவார்த்தை வைத்தல் ஆகாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தலைவர் அவர்கள் அதனை ஒத்திவைத்து, "வாத்தியாரே, இது எப்படி நேர்கிறதென்று படித்துவந்து சொல்லும்" என்று எனக்குக் கட்டளையிட்டார்கள். படித்தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

"ஒரே நாளில் ஆள் மாறிவிட்டான், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்பது அன்று இங்கே பலரும் கூறிய வார்த்தை. இதனை நாட்டுப்புறத்தார் அறியாமை என்று நகையாட வேண்டா. நாம் மருந்து, வசியம் என்பதையே மேனாட்டார் வேறு பெயரால் நம்பினார்கள். 1950ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹண்டர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 'மூளைச் சலவை' என்னும் சொல்லை வழக்கிற் கொண்டுவந்தார். கொரியப் போர் முடிந்தபோது சிறைப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுள் 21 பேர் தாய்நாட்டுக்குத் திரும்ப மறுத்தனர். உடனே அந்நாடு முழுவதும், மனிதனது உள்ளத்தைத் துணி வெளுப்பது போல வெளுத்துப் புதுச் சாயம் ஏற்றும் வித்தையொன்று சீனர் கையில் உண்டு என்று நடுங்கிற்று. ராபர்ட் லிப்டன் என்னும் மனநோய் மருத்துவர் ஹாங்காங் நகரத்திற் தங்கி, சீனச் சிறைகளினின்று விடுபட்டு வந்தவர்களை நெடுநாள் உசாவி, 1961இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வந்தவர்கள் முதலிற் குழம்பியிருந்தனர். தம்மைச் சிறையிட்டவரையே புகழ்ந்தோரும் இருந்தனர். பழைய சுற்றமும் பழைய பேச்சும் கிடைத்த பின்னரோ, மிகச் சிலர் ஒழிய ஏனையோர் தம் பழைய இயல்புக்கே மீண்டனர். வெளுத்த துணிக்குப் பழைய சாயம் மீண்டும் வருதல் எங்ஙனம்? ஆகவே நிகழ்ந்தது சலவையன்று. பழைய ஆள் உள்ளே அழியாமல் இருந்தான் என்பது பெறப்படும்.

அப்படியாயின் அம்மாற்றந்தான் எவ்வாறு நேர்கின்றது? இதற்கு ஒரு மெய்யான வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். இது கேட்டற்கு இனியதன்று. குழந்தைகளை உடைய தாய்மார் பொறுத்தருள வேண்டும்.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் இண்டியானாபொலிஸ் என்னும் நகரத்தில் ஜிம் ஜோன்ஸ் என்பவன் 1955ஆம் ஆண்டளவில் 'மக்கள் ஆலயம்' என்னும் சபையைத் தொடங்கினான். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் அமர்தல் அரிதாக இருந்த காலம் அது. அவன் சபையில் இருசாராரும் அடுத்தடுத்து அமர்ந்து பாடினர். ஏழைகளுக்குச் சோறிட்டான், முதியோரைப் பேணினான், கறுப்பினக் குழந்தை ஒன்றைத் தன் மகவாக ஏற்று வளர்த்தான். பின்னர்ச் சபையோடு கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்ந்தான். 1976இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத் தலைவர் அவனை வீட்டுவசதிக் குழுவில் நியமித்துப் பெருமைப்படுத்தினார். இதனை யான் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அச்சபையிற் சேர்ந்தோர் மூடரல்லர். தீமையைத் தேடிச் சென்றவருமல்லர். சமத்துவத்தைத் தேடிச் சென்ற தாதியர், ஆசிரியர், வழக்கறிஞர், வாழ்நாளெல்லாம் நிறவேற்றுமையால் நொந்த மூதாட்டியர் ஆகிய இவர்களே அங்கு நிறைந்திருந்தனர். நன்மை என்னும் இரையில்லாத தூண்டிலை எந்த மீனும் கவ்வுவதில்லை.

சேர்ந்த பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். முதலில் மாலைக் கூட்டங்களுக்கு வந்தால் போதும் என்றனர். பிறகு வருவாயில் ஒரு பங்கு. பிறகு அது நாலில் ஒரு பங்காயிற்று. பிறகு வீட்டுப் பத்திரம். பிறகு பலர் ஒரே வீட்டிற் கூடி வாழ்தல். பிறகு, எழுதாத வெறுந்தாளிற் கையொப்பம். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று எழுதிய தாளிலும் கையொப்பம். எல்லாம் விசுவாசத்தைச் சோதிக்க என்று சொல்லப்பட்டது. பிறகு கணவன் மனைவியையும் பிள்ளை பெற்றோரையும் பற்றிக் கோள் சொல்லுதல். குற்றஞ் சாட்டப்பட்டவர் சபை நடுவே நிற்க, மற்றவர் வசைமொழிதல், பின்னர் அடித்தல். ஒவ்வொரு படியும் முந்திய படிக்குச் சிறிதே மேலானது. முதற் படியில் நின்றவனிடம் கடைசிப் படியைக் காட்டியிருந்தால் அவன் ஓடியிருப்பான். ஒருவரும் காட்டவில்லை. அன்றியும், ஏறிய படி ஒவ்வொன்றும் அவிழ்ந்து கீழே வீழ்ந்துவிட்டது. வீட்டை விற்றுக் கொடுத்தவன் எங்கே திரும்புவான்? பொய்க் குற்றத்தில் ஒப்பமிட்டவன் எவ்வாறு துணிவான்? கொடுத்தது வீண் என்று ஒப்புக்கொள்வதினும், இன்னும் கொடுப்பது எளிதாகத் தோன்றுவது மனித இயல்பு. சூதாடுபவரை அறிந்தோர் இதனை அறிவர்.

இந்தப் படி முறையைப் பிரீட்மன், பிரேஸர் என்னும் இரு உளநூலார் 1966இல் ஓர் எளிய சோதனையாற் காட்டினர். கலிபோர்னியாவிற் சில வீட்டாரிடம், 'கவனமாக வண்டி ஓட்டுக' என்னும் அழகற்ற பெரும்பலகை ஒன்றை வீட்டின் முன்றிலில் நட இசைவீரோ என்று கேட்டனர். நூற்றுக்கு 17 பேரே இசைந்தனர். வேறு சில வீட்டாரிடம், இரண்டு வாரம் முன்னதாக, அக்கருத்தினையே உடைய மூன்றங்குலச் சீட்டொன்றை ஒட்டிக்கொள்ளும்படி மட்டும் கேட்டிருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 76 பேர் பெரும்பலகைக்கு இசைந்தனர்! மருந்தில்லை, மந்திரமில்லை, அச்சுறுத்தலுமில்லை, மூன்றங்குலச் சீட்டுத்தான்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1977இல் பத்திரிகையொன்று சபையின் கொடுமைகளை வெளியிட முற்பட்டபோது, ஜோன்ஸ் தன் மக்களைத் தென்னமெரிக்காவிலுள்ள கயானா நாட்டுக் காட்டிற்குக் கொண்டுபோனான். (கயானா, நம்மவரும் ஒருகாலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்ற நாடே.) 'ஜோன்ஸ்டவுன்' என்று தன் பெயரையே ஊருக்கு இட்டான். கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, கடிதங்கள் படித்துப் பார்க்கப்பட்டன, ஒலிபெருக்கியில் அவன் குரல் ஓயாது ஒலித்தது. 'வெள்ளை இரவு' என்ற பெயரால் நள்ளிரவில் எல்லாரையும் எழுப்பி, பகைவர் சூழ்ந்துவிட்டனர் என்று கூறி, நஞ்சென்று சொல்லி ஒரு பானத்தைக் குடிக்கச் செய்து, பின்னர் நஞ்சன்று, சோதனையே என்பானாம். சாதலுக்கும் அங்கே ஒத்திகை நடந்தது.

1978 நவம்பர் 17ஆம் நாள், உறவினரின் முறையீட்டைக் கேட்டு லியோ ரயன் என்னும் அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் அங்குச் சென்றார். அன்றிரவு ஒரு துண்டுச் சீட்டு, எங்களை இங்கிருந்து மீட்டுக்கொண்டு போங்கள் என்னும் கருத்தினதாய், உடன்வந்த பத்திரிகையாளரிடம் சேர்ந்தது. மறுநாள் பத்துப் பதினைந்து பேர் துணிந்து, யாங்களும் வருகின்றோம் என்றனர். அன்று காலையிலேயே வேறு 11 பேர், கைக்குழந்தைகளோடு, வனபோசனம் போவது போலக் காட்டுவழியே நடந்து தப்பிவிட்டனர். அன்று மாலை விமானத் திடலில் ரயனும் வேறு நால்வரும் சுடப்பட்டு இறந்தனர். ஊரிலோ அண்டாக்களில் நஞ்சு கலக்கப்பட்டது. அவ்வேளையிற் பதிவான ஒலிநாடா இன்றும் உள்ளது. கிறிஸ்டீன் மில்லர் என்னும் அறுபது வயது அம்மை ஒருவர் எழுந்து, உயிருள்ளவரை நம்பிக்கை உண்டு, குழந்தைகள் வாழத் தகுந்தவர்கள் என்று வாதாடுகிறார். ஜோன்ஸ் மறுக்கிறான், அவனினும் உரக்கக் கூட்டத்தார் அவரை அதட்டி அமர்த்துகின்றனர். அவ்வூரில் இறந்தோர் 909 பேர். அவருள் 300க்கு மேற்பட்டோர் சிறார். இவர்கள் யாவரும் மனமொப்பி மாண்டனர் என்று எழுதுவோர் உளர். சிசுவுக்கு ஒப்புதல் ஏது? சுற்றிலும் ஆயுதந் தாங்கியோர் நின்றதை மறந்து பேசுதல் முறையன்று.

இவ்வரலாற்றில் யான் இரவெல்லாம் எண்ணிப் பார்த்தது அத்துண்டுச் சீட்டையே. அதுவரை ஒவ்வொருவரும், தான் ஒருவனே ஐயுறுகிறான், ஏனையோர் முழுதும் நம்புகின்றனர் என்று எண்ணியிருந்தனர். வெளியிலிருந்து ஒரு முகம் வந்தவுடன் உள்ளே ஒடுங்கிக் கிடந்த பழைய ஆள் எழுந்து வந்தான். முகம் வாராதிருந்தால்?

நம் பிள்ளை சேர்ந்த கூட்டம் இத்தகையது என்று யான் கூறவில்லை. அதற்குச் சான்று என்னிடம் இல்லை. பெரும்பாலான கூட்டங்கள் இவ்வளவு தூரம் போவதுமில்லை. ஐலீன் பார்க்கர் என்னும் ஆங்கில அம்மையார், கொரிய நாட்டு மூன் என்பவருடைய சபையை ஆராய்ந்து 1984இல் ஒரு நூல் எழுதினார். லண்டன் பக்கத்தில் அச்சபையின் பயிற்சி முகாமுக்குச் சென்றவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சேரவேயில்லை. சேர்ந்தவருள்ளும் பெரும்பாலோர் இரண்டாண்டுக்குள் தாமே வெளியேறினர். வசியம் மெய்யானால் இது கூடுமா? அவர்கள் போனதும் தம் காலால். வந்ததும் தம் காலால்.

அங்ஙனமாயின் வாதத்தால் மீட்கலாமோ எனில், அதுவும் எளிதன்று. 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் உலகை அழிக்கும் என்று சிக்காகோ பக்கத்தில் ஒரு பெண்மணியைச் சூழ்ந்த சிறு கூட்டம் நம்பியது. பெஸ்டிங்கர் முதலிய உளநூலார் உள்ளே புகுந்து கவனித்தனர். வெள்ளம் வரவில்லை. வேலையையும் உடைமையையும் விட்டு வந்தவர்கள் வெட்கி விலகினார்களா? இல்லை, தம் நம்பிக்கையே உலகைக் காத்தது என்று முன்னிலும் உரக்கப் பரப்பலாயினர் என அவ்வுளநூலார் எழுதினர். இழந்தது பெரிதாகும்போது உண்மை கசக்கின்றது. வலிந்து இழுத்தலும் பயன்படாது. 1970களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் கூலி கொடுத்துத் தம் பிள்ளைகளைக் கடத்தி அறையில் அடைத்து 'மாற்ற' முயன்றனர், சிலர் மாறினர், வேறு சிலர் தப்பியோடி முன்னிலும் இறுகினர், வழக்குகள் விளைந்தன.

இவ்விடத்துத் தமிழாசிரியனாகிய எனக்குத் திருநாவுக்கரசரின் நினைவு வருகின்றது. சமண சமயத்தை யான் இக்கூட்டங்களோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் கொள்ளற்க. அது நமக்கு அருமையான நூல்களை ஈந்த பெருஞ்சமயம். யான் நோக்குவது தமக்கையார் திலகவதியாரை. தம்பி வேறு சமயம் புக்கபோது அவர் தம்பியைத் தலைமுழுகவில்லை; பின்தொடர்ந்து வாதிடவுமில்லை. திருவதிகையிலே தம் வழக்கமான தொண்டினைச் செய்துகொண்டு இருந்தார். சூலைநோய் கொண்ட தம்பி ஆளனுப்பி அழைத்தபோதும், அங்கே வாரேன் என்றே கூறினார் எனச் சேக்கிழார் உரைப்பர். ஆயினும் இரவிலே தம்பி நடந்து வந்தபோது அவர் இருந்தார். அவன் தேடிவரக் கூடிய இடத்தில் இருந்தார்.

இனித் தீர்மானத்துக்கு வருகிறேன். பெரியோர்கள் சினம் கொள்ளாதிருக்க வேண்டுகிறேன். பேரேட்டில் பெயர் அடித்தல், பேச்சை நிறுத்தல், உறவை அறுத்தல் ஆகிய இவையெல்லாம் அக்குரு அவனிடம் எதிர்பார்க்கும் செயல்களே. அவன் ஏறிய படிகளுள் ஒன்றை நம் கையாலேயே அவிழ்த்துவிட்டு, வீழ்ந்தான் என்று அவனைப் பழித்தல் நியாயமாகாது. நம் சங்கமும் தன்னை ஒரு குடும்பம் என்றே சொல்லிக்கொள்கிறது. கேள்வி கேட்டவனை நாமும் சபை நடுவே நிறுத்தி அதட்டிய நாள்கள் உண்டு. யானும் வாய் மூடி அமர்ந்திருந்தேன். தீர்மானம் வாக்குக்கு விடப்படும்போது அதற்கு மாறாகவே கையுயர்த்துவேன்.

அவன் தந்தையார் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். அவர் எழுதி வைத்திருந்த நான்கு பக்கமும் குருவின் மீது குற்றப்பத்திரிகை. அதனை மடித்து அவரிடமே தந்துவிட்டுப் புதிதாக எழுதினோம். தாயாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நலமே முடிந்தது. கொல்லை முருங்கை காற்றில் முறிந்து மறுபடி துளிர்த்திருக்கிறது. உன் அறையில் உன் புத்தகங்களைக் கரையான் தொடாதபடி பரணில் ஏற்றி வைத்திருக்கிறோம். சாவி எப்போதும் வைக்கும் இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவே. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதமும் எழுதுவதாக இருக்கின்றோம்.