மாறும் சட்டமும் முதலாளியின் கடமையும்



சரக்கின் விலை ஏறினால் நம் வணிகர்கள் அன்று மாலைக்குள் அறிந்துகொள்கின்றனர். ஆனால், தம்மிடம் வேலைசெய்வோர் பற்றிய சட்டம் எப்போது மாறிற்று என்று கேட்டால், பலர் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கின்றனர். இந்த அறியாமையால் விளையும் கேட்டினைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941 ஆம் ஆண்டிலும், கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டிலும், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டிலும் பிறந்தவை. பெயர்கள் பழையனவாயினும் தொழிற் சட்டம் அன்றிருந்தபடியே இருக்கவில்லை. மூன்றாம் பிள்ளை பெறும் தாய்க்கு முன்னர் 42 நாள் விடுமுறையே உரியதாயிருந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் உண்டு. 2021 ஆம் ஆண்டில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆயிற்று. அவ்வாண்டிலேயே தனியார் துறையில் ஓய்வுபெறும் குறைந்த வயது 60 என்றும் விதிக்கப்பட்டது.

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 இல் மாதம் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்சச் சம்பளம், 2021 இல் 12,500, 2024 இல் 17,500, 2025 ஏப்பிரலிலிருந்து 27,000 என ஏறி, 2026 சனவரியில் 30,000 ஆயிற்று. ஆறு சிப்பந்திகளை உடைய ஒருவர் இக்கடைசி மாற்றத்தை அறியாமல் 27,000 ரூபாவே கொடுத்து வருகிறார் என வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடிவில் அவர் 216,000 ரூபா சம்பளக் கடனாளி. அத்தொகைக்கு அவர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டிய நூற்றுக்கு 12 உம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய நூற்றுக்கு 3 உம் சேர, மேலும் 32,400 ரூபா. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் வேறு. அவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. ஆயினும் ஆறு குடும்பங்களின் அடுப்பிலிருந்தும், அவர்களது முதுமைக் காலத்துச் சேமிப்பிலிருந்தும் அப்பணம் குறைந்துவிட்டது. 'அறியேன்' என்ற சொல் நீதிமன்றத்தில் விடையாகாது. தொழிலாளியின் வீட்டிலும் விடையாகாது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டுமல்லவா? அதைக் கட்டும் நாளையே சட்டம் பார்க்கும் நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாதத்து வர்த்தமானியில் உங்கள் தொழிலுக்குரிய சம்பளச் சபையின் தீர்மானம் ஏதும் வந்துள்ளதா, சட்டத் திருத்தம் ஏதும் நடைமுறைக்கு வந்துள்ளதா என்று நோக்குங்கள். ஐயமிருப்பின் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தை நாடுங்கள். மாறியதை ஒரு குறிப்பேட்டில் திகதியுடன் எழுதிவையுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்போர், ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டென்பதையும் அதே ஏட்டில் குறித்து, ஆண்டுதோறும் ஒரு பங்கினை ஒதுக்கிவைப்பது நன்று.

இன்னுமொன்று: மாற்றத்தை ஊழியருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். தமக்குரியதை முதலாளியின் வாயிலிருந்தே கேட்டறிந்த ஊழியர், அவரிடம் வைக்கும் நம்பிக்கை எளிதிற் குலையாது.