மயக்க மருந்தும் ஒரு வாய்க் காபியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நானும் இம்மேடையில் சில வார்த்தைகள் பேசவேண்டுமெனக் காரியதரிசி அவர்கள் பணித்தபோது, எதைப் பற்றி என்று வினவினேன். "ஏதோ மாநாட்டுக்குப் போய் வந்தீர்களே, அதைப் பற்றித்தான்" என்றார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்போர் ஆண்டுதோறும் கூடும் மாநாடு அது. "ஆளைத் தூங்க வைப்பதற்கு ஒரு மாநாடா?" என்று நம் காலனி நண்பர் ஒருவர் நகைத்தார். தூங்க வைப்பது எளிது ஐயா, எழுப்புவதற்குத்தான் மாநாடு என்றேன்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதமே அவ்வித்தை கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஆனால் நம் தொழிலின் சரித்திரத்தில் நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத் நகருக்கும் ஓர் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

குளோரோபாரம் கொடுக்கப்பட்ட சிலர் மேசையிலேயே உயிர் துறந்தனர். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்பது அன்றைய பெரும் வழக்கு. இங்கே மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, "மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்குக் கேடில்லை" என்று உறுதியாக நம்பினார். நிஜாம் மஹபூப் அலிகான் பொருளுதவி செய்ய, 1888-இலும் 1889-இலும் இரு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வரவழைக்கப்பெற்றார். பிராணிகள் பலவற்றைச் சோதித்தபின், லாரியின் கொள்கையே சரி என்று முடிவு கூறப்பட்டது. ஆயினும் அது முழு உண்மையன்று. அரைகுறை மயக்கத்தில் குளோரோபாரம் இதயத்தையே தாறுமாறாகத் துடிக்கச் செய்து நிறுத்திவிடக் கூடும் என்பதை 1911-இல் லீவி என்பவர் மெய்ப்பித்தார். மூச்சைக் கவனி என்ற லாரியின் உபதேசம் மட்டும் இன்றும் பழுதின்றி நிற்கிறது. மனிதர் எவ்வளவு உறுதியுடன் தவறக்கூடும்!

இந்திய மயக்கவியல் வல்லுநர் சங்கம் 1947-இல் தோன்றியது. அதன் மாநாட்டில் கட்டுரைகள் படிக்கப்படும். புதிய கருவிகள் காட்சிக்கு வைக்கப்படும். இளைஞர்கள் ரப்பர்ப் பொம்மையின் தொண்டையில் குழாய் செலுத்திப் பழகுவார்கள். விருந்தும் குறைவில்லை. ஆனால் நான் விரும்பிச் செல்வது, தத்தம் கையால் நேர்ந்த பிழைகளை எழுந்து கூறும் அமர்வுக்குத்தான். பல ஆண்டுகளுக்கு முன் அங்கே நானும் ஒன்று கூறினேன்.

ஒரு மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவனுக்குக் குடலிறக்க அறுவை. உடன் வந்தவர் தமிழ்ப் பாட்டி. நர்ஸ் "கானா காயா?" என்று கேட்க, பாட்டி தாம் அறிந்த உருதுவில் "நை" என்றார். தாளில் 'வெறும் வயிறு' என்று குறிப்பாயிற்று. நான் தமிழன், ஒரு வார்த்தை தமிழில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மயக்கம் ஏறியதும் பையன் வாந்தி எடுத்தான். அத்தனையும் பால் காபி. அதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் சென்றுவிட்டது. விழித்திருக்கும்போது புரையேறினால் இருமுவோம். மயக்கத்தில் அந்தக் காவல் உறங்கிவிடும். நியூயார்க்கில் மெண்டல்சன் என்பவர் பிரசவத் தாய்மாரிடம் கண்டு இவ்விபத்தை விரித்தெழுதியது 1946-இல். அதை நான் பரீட்சைக்கு உருப்போட்டவன்! மூன்று இரவு அச்சிறுவன் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டான்.

நான் சொல்லி முடித்ததும், வேறோர் ஊர் மருத்துவர் எழுந்து, தம் நோயாளி தேநீரை மறைத்த கதையைக் கூறினார். பின்னர் இன்னொருவர் எழுந்தார். அன்றிலிருந்து நான் "சாப்பிட்டாயா" என்று கேட்பதில்லை. "காலையிலிருந்து வாயில் என்னென்ன பட்டது? தண்ணீரா, பாலா, பிஸ்கட்டா?" என்று அவரவர் மொழியிலேயே கேட்கிறேன். தாய்மார்களே, வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் கலந்த எதுவும் ஆறு மணி நேரத்துக்குள் கூடாது. உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதன்படி நடவுங்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். வேறு நாள் வைத்துக்கொள்வோம், ஒருவரும் கோபிக்க மாட்டோம்.

நான்காம் நாள் அப்பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குழந்தை பசியென்று அழுதான், அரை டம்ளர்தான் கொடுத்தேன். காபி ஒரு ஆகாரமா, தம்பி?"