காக்கைக்கு ஒரு கைப்பிடிச் சோறு

(ஆலயத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

“இல்லம் தேடி வரும் பறவைகள்” என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். நான் பறவை நூல் கற்றவன் அல்லன். ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்று, இன்று சிங்கப்பூரில் அரசுப் பணியாற்றுபவன். கேட்டதையும் கண்டதையுமே சொல்ல வந்துள்ளேன்.

நாம் நாள்தோறும் நடக்கும் சிராங்கூன் சாலையின் பெயரிலேயே ஒரு பறவை ஒளிந்துள்ளது என்பர். மலாய் மக்கள் ‘ரங்கோங்’ என்றழைத்த சதுப்புநிலப் பறவையிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது லிட்டில் இந்தியாவின் ‘மணி’ என்னும் சோதிடக் கிளி, காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக் கொடுத்துப் புகழ் பெற்றது. இறுதியாட்டத்தில் அது நெதர்லாந்தைச் சுட்டியது, வென்றதோ ஸ்பெயின்! கிளி சீட்டைத்தான் எடுக்கிறது. அதில் நம் எதிர்காலத்தைத் தேடுபவர்கள் நாமே.

ஆந்தையும் அத்தகையதே. அதன் அலறலை நாம் தீய சகுனம் என்கிறோம். வங்காளத்திலோ அதுவே திருமகளின் வாகனம். பறவை ஒன்றுதான், பார்க்கும் மனங்கள் வேறு. குடமுழுக்கு நாளில் வானில் கருடன் வட்டமிட்டதும் நம் கைகள் தாமே குவிகின்றன.

இவை அனைத்தினும் நம் வீட்டுக்கு நெருங்கியது காக்கை. அது கரைந்தால் விருந்து வரும் என்பது முன்னோர் நம்பிக்கை. அக்கரைதலைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனச் சங்கப் புலவர் ஒருவர் பெயர் பெற்றார். கிடைத்த இரையை மறைக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் அதன் பண்பைத் திருவள்ளுவர் ‘சுற்றந்தழால்’ அதிகாரத்தில் போற்றுகிறார். சனீசுவர பகவானின் வாகனமும் அதுவே. முன்னோர் வடிவாக அமாவாசையில் சோறு பெறுவதும் அதுவே.

அன்பர்களே, இக்காக்கையும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்ததே. காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிக்கவென ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொணரப்பட்டது. 1940களில் சிங்கப்பூரில் காணப்பட்டது. பின்னர் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் இங்கு நிலைத்துப் பெருகியது.

இனி என் வீட்டுச் செய்தி. என் தாயார் அமாவாசைதோறும் பத்தாம் மாடிச் சன்னல் விளிம்பில் சோறு வைப்பார். காக்கைகள் பெருகின. கீழ்வீட்டார் மூங்கிற்கழியில் உலர்த்திய துணிகளில் எச்சம் விழுந்தது. அவர்கள் வருந்தி என்னிடம் முறையிட்டனர். 2020 முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி இவற்றுக்கு உணவிடுவது குற்றம். முதன்முறை பிடிபடுவோர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உணவு மிகுந்தால் காக்கை மிகும். 2023இல் பீஷானில் காக்கைகள் வழிப்போக்கரைத் தாக்கியதை நாம் அறிவோம். சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனால் தாயாரிடம் சொன்னபோது, “உங்கப்பா பசியோட திரும்பிப் போயிடுவாரேய்யா” என்றார். இருபது ஆண்டு அரசுப் பணியில் எழுதிய எந்தக் கடிதத்திலும் அதற்கு விடை இல்லை.

பல நாள் சிந்தித்தபின் குறளின் கருத்தையே அவரிடம் கூறினேன். காக்கையிடம் நாம் வியப்பது அது உண்பதையன்று, அழைத்து உண்பதை. இப்போது அமாவாசைப் படையலைத் தந்தையார் படத்தின்முன் வைத்து, பின்னர் அண்டை வீட்டாரோடு பகிர்கிறோம். அன்று நம் ஆலய அன்னதானத்திற்கும் ஒரு பங்கு அரிசி தருகிறோம். முறையிட்ட கீழ்வீட்டாரும் எங்கள் வடையை விரும்பி உண்கின்றனர்.

தாயார் முழுதும் மனம் மாறிவிட்டார் எனச் சொல்லமாட்டேன். சன்னற்கம்பியில் காக்கை வந்து அமர்ந்தால் இன்றும் எழுந்து கைகூப்புகிறார். வெறுங்கையைத்தான் கூப்புகிறார், அதற்கு எச்சட்டத்திலும் தடையில்லை.

மரபைக் காப்பது அதன் பொருளைக் காப்பதே. அழைத்து உண்ணும் அப்பண்பு நம் இல்லங்களில் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.