விசாவைப் படிச்சுப் பாருங்க

எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்லை.

என் கொழுந்தன் எட்டாவதோடு நின்னவன். மலேசியாவில் ஹோட்டல் வேலைன்னு ஒரு ஏஜென்ட் 80 ஆயிரம் கேட்டார். குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தது நான்தான். போன பிறகுதான் தெரிந்தது, அது சுற்றுலா விசா, வேலை பெர்மிட்டே கிடையாது. நாலு மாசம் ஒளிஞ்சு வேலை பார்த்து, அபராதம் கட்டித் திரும்பினான். அந்தக் கடனைப் பால் ஊற்றித்தான் கட்டுகிறேன். ஒரு தவணையும் தவறலை, அதையும் சொல்லிக்கணும்.

அப்புறம்தான் விசாரிச்சேன். பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கும். அவங்க மலேசியா, சவுதி மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதி வேணும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்க வேண்டிய கட்டணமே 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான்! 275 ரூபாய்க்கு இரண்டு வருஷம், 10 லட்சம் காப்பீடும் இருக்கு.

வெளிநாட்டுக்கென்று யாராவது கடன் கேட்டால், பதிவு எண்ணையும் வேலை ஒப்பந்தத்தையும் பார்த்துட்டுக் குழுவில் தீர்மானம் போடுங்க. கொழுந்தன் இப்போ சிங்கப்பூர் போறேங்கிறான். சம்பளம் எழுதின பெர்மிட் கடிதம் முதலில் கையில் வரட்டும்னு சொல்லியிருக்கேன்.