சோயா மொச்சையும் கரியமில வாயுக் கணக்கும்

இந்தூரிலும் போபாலிலும் நாகபுரியிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில் மீல் மேக்கர் குருமா இன்று புதுமையன்று. அந்தச் சோயா விளையும் மாளவத்துக் கரிசலை ஆவணி மாதத்தில் இரயில் சன்னல் வழியே நாம் கண்டிருக்கிறோம். ஒரு கிலோ சோயாவுக்காக எவ்வளவு கரியமில வாயு வானில் ஏறுகிறது என்று கேட்டால், விடை ஊருக்கு ஊர் மாறுகிறது.

இச்செடியின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. ஆகவே கோதுமைக்கு வேண்டுமளவு யூரியா இதற்கு வேண்டுவதில்லை. மாளவத்தில் இது மானாவாரிப் பயிர். நீர் இறைக்க மின்சாரமும் வேண்டா. 1970க்குப் பின் இங்கே பரவிய சோயா, பெரும்பாலும் மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த நிலத்திலும் சோளம் நின்ற நிலத்திலுமே இடம்பிடித்தது.

பிரேசிலின் மாட்டோ கிராஸோ மாநிலத்திலோ கதை வேறு. காடும், செராடோ என்னும் புதர்வெளியும் அழிக்கப்பட்ட இடங்களில், மரத்திலும் மண்ணிலும் நெடுங்காலம் சேர்ந்திருந்த கரி புகையாயிற்று. அந்தக் கடனைச் சேர்த்தால் கணக்கு பன்மடங்காகிறது. புதிதாக அமேசான் காட்டை வெட்டி விளைவித்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் வணிகர்கள் உடன்பட்டது இதனாலேயே. ஆயினும் பிரேசில் முழுவதையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது; தென்பகுதியில் தலைமுறையாக உழுதுவரும் நிலங்களில் அந்தக் கடன் சிறிது.

நம் பெருமையையும் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஹெக்டேருக்கு மூன்று டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். நாம் ஏறக்குறைய ஒரு டன். ஏக்கர்க் கணக்கில் சிறிதாகத் தோன்றும் டீசல் புகை, கிலோக் கணக்கில் வகுத்தால் பருத்துவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் உழவுக்கு எரிந்த டீசல் எரிந்ததுதானே!

இனி ஆலை. விதையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு; செக்கிலிட்டால் கட்டாது. தட்டையாக்கிய பருப்பிலிருந்து ஹெக்ஸேன் என்னும் கரைப்பானால் எண்ணெயை இறக்கி, நீராவியால் கரைப்பானைப் பிரிக்கிறார்கள். கொதிகலனில் எரிவது நிலக்கரியா, உமியா என்பதிலேயே ஒரே ஊரின் இரண்டு ஆலைகள் வேறுபட்டுவிடும். நம் மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவது. பிரேசிலில் பெரும்பகுதி அணைநீரிலிருந்து.

மற்றொன்று: நம் சமையலறையின் மீல் மேக்கர் பெரும்பாலும் உள்நாட்டு விதையில் ஆனது. சோயா எண்ணெயோ, பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வருகிறது.