மண்ணுக்கடியில் இருப்பதற்கு யாரைக் கேட்பது?

(இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கனிமங்களைப் பற்றியதாகும். இராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக்காரருக்கும் சுரங்கத்தைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கவலை இருக்கத்தான் இருக்கின்றது. நீங்கள் தென்னைக்கும் மாமரத்துக்கும் போடும் பொட்டாஷ் உரம் அநேகமாய் முழுவதும் கப்பலில் வந்து இறங்குவதேயாகும். சிவகாசி மத்தாப்பில் சிவப்பு ஒளி காட்டுவது ஸ்ட்ராண்டியம் உப்பு. மின்சார வண்டியின் பாட்டரிக்கு லித்தியமும் கிராபைட்டும் வேண்டும். இரும்பை அறுக்கும் கருவிக்கு டங்ஸ்டன் வேண்டும். காற்றாலைகள் பலவற்றின் காந்தத்துக்கு அருமண் உலோகங்கள் வேண்டும். இவையெல்லாம் 2023-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட 30 முக்கிய கனிமங்களின் ஜாபிதாவில் அடங்கியவை.

இவைகளுக்காக நாம் பிறர் வாசலில் நிற்கின்றோம். உலகில் எடுக்கப்படும் டங்ஸ்டனில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் கிடைப்பது. அருமண் உலோகங்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையிலும் பெரும்பகுதி அங்கேதான் நடக்கின்றது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் உலோகங்களை அனுமதியின்றி வெளியே அனுப்பக் கூடாதென்று சீனா உத்தரவிட்டவுடன், நம் நாட்டு மோட்டார்த் தொழிற்சாலைகள் காந்தத்துக்குத் தவித்தன. ஆகவே, இதற்கு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

பழைய கதை ஒன்றையும் சொல்லுகின்றோம். திருவாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதை 1909-ல் கண்டவர் ஒரு ஜெர்மானியர். அம்மணல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. அதிலிருந்து எடுத்த தோரியம் காஸ் விளக்கின் மாண்டிலாயிற்று. மணல் நம்முடையது, அறிவும் லாபமும் அவர்களுடையது. மண்ணை வைத்திருப்பவன் பணக்காரனல்ல, அதைப் பிரிக்கத் தெரிந்தவனே பணக்காரன் என்பதை அன்றே நாம் படித்திருக்க வேண்டும்.

இப்போது சர்க்கார் செய்திருப்பதென்ன? வெளிநாட்டில் சுரங்கம் தேட 2019-ல் மூன்று சர்க்கார் கம்பெனிகள் சேர்ந்து ‘காபில்’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. 2024 ஜனவரியில் அது அர்ஜென்டினாவில் ஐந்து லித்தியம் வட்டாரங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2025 ஜனவரி 29-ல் தேசிய முக்கிய கனிம இயக்கத்துக்கு மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. அதற்கு 16,300 கோடி ரூபாய் செலவு. பொதுத்துறைக் கம்பெனிகள் இன்னும் 18,000 கோடி போடும் என்பது எதிர்பார்ப்பு. இவை நல்ல காரியங்களே. ஆனால், 2023-ல் சட்டத்தைத் திருத்தி 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. ஏலத்தில் வரும் பணம் மாகாணத்துக்குத்தான் சேரும் என்கிறார்கள். பணம் எங்களுக்கு, முடிவு உங்களுக்கு என்றால் அதற்குப் பெயர் கூட்டு வேலையா என்று கேட்கின்றோம்.

இதன் பலனைப் பக்கத்து மதுரை ஜில்லாவில் பார்த்தோம். மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் அடங்கும். அங்கே குடைவரைக் கோயிலும், சமணர் படுக்கைகளும், தமிழி எழுத்துக்களும் உண்டு. 2022-ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று தமிழ்நாடு சர்க்காரே அறிவித்திருந்தது. 2024 நவம்பர் 7-ல் ஏலம் முடிந்து, ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியின் பெயர் வெளிவந்த பிறகுதான் ஜனங்களில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரிந்தது. ஏல அதிகாரத்தை எடுக்கக் கூடாதென்று 2023-லேயே எழுதினோம் என்றது மாகாணம். இந்த இடம் வேண்டாமென்று ஏல முடிவு வரை நீங்கள் சொல்லவில்லையே என்றது மத்தி. இரண்டு சர்க்காரும் கடிதக்கட்டைக் காட்டினவே தவிர, நிலத்துக்குடையவனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதாய்த் தெரியவில்லை. டிசம்பர் 9-ல் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் மேலூர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாயிற்று. சரியாக 77 நாள்!

ஒவ்வொரு கிராமமும் வேண்டாமென்றால் கனிமம் வானத்திலிருந்தா வரும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்காமல் செய்ததனால் கனிமம் வந்துவிட்டதா? காலமும் பணமும் போய், நம்பிக்கையும் போயிற்று. அப்படியிருக்க, 2025 செப்டம்பரில் இக்கனிமச் சுரங்கங்களுக்கு ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கவே வேண்டாமென்று மத்திய சுற்றுச்சூழல் இலாகா உத்தரவு போட்டது. வழுக்கி விழுந்தவன் விளக்கையும் அணைத்த கதையாகவே இதை நினைக்கின்றோம்.

தோழர்களே! உங்களுக்கு மேற்கே நிற்கும் மலை 2021 முதல் புலிகள் காப்பகம். சாம்பல் அணில் வாழ்வது அங்கே. உங்கள் வயலுக்கும் குடத்துக்கும் தண்ணீர் வருவதும் அங்கிருந்தே. நாளைக்கு இந்த ஜில்லாவில் எங்கேனும் ஒரு கனிமம் அகப்பட்டால் உங்களைக் கேட்பார்களா என்பதே இன்றைய பிரச்சினை.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். ஏலத்துக்கு முன்பே வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் வைக்க வேண்டும். மத்தியும் மாகாணமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்த இடம் கூடாது என்பதை முதலில் எழுத வேண்டும். சிவகங்கையில் கிராபைட் இருக்கின்றது. அதைப் பாட்டரிக்குத் தக்கதாக்கும் அறிவையும் தொழிற்சாலையையும் இங்கேயே வளர்க்க வேண்டும். பழைய பாட்டரியிலிருந்து உலோகம் எடுக்க 2025-ல் 1,500 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். மலையை உடைப்பதற்கு முன் அந்தக் குப்பையைக் கிளறட்டும். நிலம் கொடுப்பவனின் பிள்ளைக்கு அத்தொழிலில் மண்வெட்டி மட்டுமல்ல, பரிசோதனைச் சாலையிலும் இடம் வேண்டும்.

நாட்டின் அவசியம் என்று சொல்லுகிறார்கள். நாடு என்பது டில்லியிலுள்ள கச்சேரி மாத்திரமல்ல. மேலூர் விவசாயியும் இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்களும் சேர்ந்ததே நாடு. உங்களைக் கேட்காமல் நாட்டைக் கேட்டதாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.